மைப் பேனாவின் வயிறு: உயர்விலைப் பேனாக்களில் மை நிரப்பும் முறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய விலை கொடுத்து ஊற்றுப்பேனா வாங்குகிறவர்கள் நிப்பைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள். மை எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைப் பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் கவனிப்பார்கள். பேனாவோடு தினமும் மல்லுக்கட்டுவது அந்த இடத்தில்தான். நிரப்புவது, கழுவுவது, நிறம் மாற்றுவது, பயணத்தில் கொண்டுபோவது, பழுதானால் சரிசெய்வது என்று எல்லாவற்றையும் நிரப்பு முறையே முடிவுசெய்கிறது.

விலை உயர்ந்த பேனாக்களில் இன்று என்னென்ன முறைகள் இருக்கின்றன?

புதிதாக விற்பவற்றில் நான்குதான் முக்கியம். கார்ட்ரிட்ஜ்–கன்வெர்ட்டர் (மை அடைத்து வரும் சிறு குழாயையோ, நாமே மை உறிஞ்சி நிரப்பும் குழாயையோ உள்ளே மாட்டுவது), பிஸ்டன், வேக்கம், ஐட்ராப்பர். ஐட்ராப்பர் என்பது நம் ஊரில் இங்க் ஃபில்லரை வைத்து உடலுக்குள் நேரடியாக மை ஊற்றும் அதே பழைய முறை. லீவர், பட்டன், ஏரோமெட்ரிக் போல ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பையை அமுக்கி மை உறிஞ்சும் முறைகளைப் பெரும்பாலும் பழைய பேனாக்களில்தான் பார்க்கலாம்.

விலை கூடினால் நிரப்பு முறையும் உயர்ந்ததாக இருக்குமா?

இருக்காது. கடைகளில் மிகுதியாகப் பரவியிருக்கும் தவறான எண்ணம் இது. கையால் உருஷி அரக்கு பூசிய ஜப்பானிய நகாயா பேனாவுக்குள் இருப்பது பிளாட்டினம் நிறுவனத்தின் சாதாரண கன்வெர்ட்டர். பைலட்டின் கஸ்டம் 845, கெட்டி ரப்பரான எபோனைட்டின் மேல் உருஷி பூசிய பேனா. அதுவும் கன்வெர்ட்டர்தான். ஜெர்மனியின் கிராஃப் ஃபான் ஃபாபர்-காஸ்டெல் வரிசையும் பெரும்பாலும் அப்படியே. மான்ட்பிளாங்க்கில் 149-க்குள் பிஸ்டன் இருக்கிறது, அதே மைஸ்டர்ஷ்டூக் வரிசையின் 145-க்குள் கன்வெர்ட்டர் இருக்கிறது. இன்னொரு பக்கம், மலிவான பேனாக்களிலேயே நல்ல பிஸ்டன்கள் வந்துவிட்டன.

பிஸ்டன் பேனா என்றால் கௌரவம், கன்வெர்ட்டர் என்றால் சிக்கனம் என்று நினைத்து வாங்க வேண்டாம். தினம் எத்தனை பக்கம் எழுதுகிறோம், மாதத்துக்கு எத்தனை நிறம் மாற்றுகிறோம் என்ற இரண்டு கணக்குகளும்தான் பொருத்தமான முறையைச் சொல்லும்.

எதில் எவ்வளவு மை பிடிக்கும்?

தோராயமான அளவுகள் இவை. சர்வதேசக் குட்டைக் கார்ட்ரிட்ஜில் 0.8 மி.லி., நீளக் கார்ட்ரிட்ஜில் 1.4 மி.லி.யை ஒட்டி. சாதாரணத் திருகுக் கன்வெர்ட்டரில் 0.5 முதல் 0.8 வரை. பைலட் கான்-40 இன்னும் குறைவு, 0.4தான். பொத்தானை அமுக்கி நிரப்பும் கான்-70 ஏறக்குறைய 1 மி.லி. கொள்ளும். பெலிக்கான் எம்800, லாமி 2000 போன்ற பிஸ்டன்கள் 1.3 மி.லி. அளவில் நிற்கின்றன. செய்லரின் ரியாலோ பிஸ்டன்தான் என்றாலும் 1 மி.லி.யைத் தாண்டாது. ஆக, பெரிய கன்வெர்ட்டருக்கும் சிறிய பிஸ்டனுக்கும் கொள்ளளவில் வித்தியாசமே இல்லை. வேக்கம் வகையான பைலட் கஸ்டம் 823 ஒரே மூச்சில் 1.5 மி.லி. இழுக்கும், முறையாக நிரப்பினால் 2 மி.லி. வரை போகும். தைவானின் ஓபஸ் 88 போன்ற ஐட்ராப்பர்களில் 3 மி.லி.க்கு மேல் ஊற்றலாம்.

உங்கள் பேனாவின் சரியான அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். நகைக்கடையில் பயன்படுத்துவது போன்ற, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு போதும். கழுவி உலர்த்திய பேனாவை எடைபோடுங்கள். தண்ணீர் நிரப்பி, நிப்பைத் துடைத்துவிட்டு மறுபடி எடைபோடுங்கள். கூடிய கிராம்தான் மி.லி. விளம்பரத்தில் சொல்லும் அளவு வெறும் தொட்டியின் கொள்ளளவாக இருக்கலாம். தராசு காட்டுவது நடைமுறையில் உள்ளே போகும் அளவு.

பிஸ்டன் எப்படி வேலை செய்கிறது?

ஊசி போடும் சிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். பேனாவின் உடலே குழாய், உள்ளே காற்றுப் புகாமல் அடைக்கும் ஒரு முத்திரை (சீல்) மேலும் கீழும் நகர்கிறது. இழுப்பதற்குப் பதிலாக வால்பக்கக் குமிழைத் திருகுகிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. ஹங்கேரியப் பொறியாளர் தியோடர் கோவாச்சின் காப்புரிமையை வாங்கி, 1929-இல் பெலிக்கான் தன் முதல் ஊற்றுப்பேனாவை வெளியிட்டது. குமிழ் கொஞ்சம் வெளியே வந்தாலே உள்ளே பிஸ்டன் பல மடங்கு தூரம் போகும்படி இரண்டு வேறு மரைகளைச் சேர்த்துவைத்ததுதான் அந்த அமைப்பின் சூட்சுமம். நீளமான தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்காமல், குட்டிக் குமிழோடு வேலை முடிகிறது.

பெலிக்கானில் எம்800, எம்1000 இரண்டிலும் பிஸ்டன் அமைப்பு பித்தளை. எம்400, எம்600-இல் பிளாஸ்டிக். பித்தளை நீடித்து உழைக்கும் என்பது உண்மை. ஆனால் கைக்கு உடனே தெரிவது வால்பக்கம் கனப்பதுதான். மூடியைப் பின்னால் மாட்டி எழுதுகிறவர்கள் வாங்குமுன் கையில் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

பிஸ்டனில் மை முழுதாக நிரம்பவில்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் ஆழம் போதவில்லை. நிப்பின் நுனியை மட்டும் நனைத்தால் காற்றுதான் உள்ளே போகும். நிப் முழுவதும் மூழ்கி, கழுத்தின் விளிம்பும் லேசாக நனைய வேண்டும். மான்ட்பிளாங்க் 149, எம்1000 போன்ற பெரிய நிப்களுக்கு 2.5 செ.மீ.க்குக் குறையாத ஆழம் வேண்டும். புட்டியில் மை பாதிக்குக் கீழே இறங்கியதும் இந்தச் சிக்கல் தொடங்கும். அப்போது மையைக் குறுகலான சிறு குப்பியில் ஊற்றி நிரப்பலாம்.

வரிசை இதுதான். குமிழை இடப்பக்கம் திருகி பிஸ்டனை அடிவரை இறக்குங்கள். நிப்பை மையில் மூழ்கவிட்டு, வலப்பக்கம் மெதுவாகத் திருகி ஏற்றுங்கள். உடனே வெளியே எடுக்காமல் பத்து நொடி அப்படியே வையுங்கள், நிப்புக்கு அடியில் மை கொண்டுவரும் ஃபீடின் பற்களுக்கு இடையிலும் மை ஏறட்டும். முதல் சுற்றில் ஃபீடில் இருந்த காற்றும் சேர்ந்து உள்ளே போயிருக்கும். நிப்பை மேல்நோக்கிப் பிடித்துக் காற்றைக் குமிழால் வெளியே தள்ளிவிட்டு மறுபடி மையில் மூழ்கடித்து இழுத்தால் தொட்டி நிறையும். கடைசியில் புட்டிக்கு மேலே பிடித்து மூன்று சொட்டு விடுங்கள். பிறகு நிப்பை மேல்நோக்கித் திருப்பிக் குமிழை இறுக்குங்கள். இந்த மூன்று சொட்டை விடாதவர்களின் பேனாதான் மூடியைத் திறந்ததும் முதல் வரியில் மையைக் கொட்டும். ஃபீடில் மிதமிஞ்சிய மை நிற்பதே காரணம்.

பிஸ்டன் இறுகிப்போய்த் திருக முடியவில்லை. எண்ணெய் விடலாமா?

எண்ணெய் எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், வாசலின் எல்லாமே தப்பு. பெட்ரோலிய எண்ணெய்ப் பொருள்கள் ரப்பரை ஊதிப்போகச் செய்யும், ஃபீடுக்குள் போனால் மை ஓட்டத்தையே கெடுக்கும். தேவையானது சுத்தமான சிலிக்கோன் கிரீஸ் மட்டும்.

முதலில் காரணத்தைப் பாருங்கள். பல மாதம் மையோடு கிடந்த பேனா என்றால் காய்ந்த மைதான் பிடித்திருக்கும். வலுவாகத் திருகினால் முத்திரை தண்டிலிருந்து கழன்றுவிடும். நிப் பக்கத்தை ஒரு இரவு அறை வெப்பத் தண்ணீரில் ஊறவையுங்கள். மறுநாள் அரைச் சுற்று, அரைச் சுற்றாக முன்னும் பின்னும் அசையுங்கள். தண்ணீர் தெளிவாக வந்த பின்னும் இறுக்கமாகவே இருந்தால்தான் கிரீஸ்.

பெலிக்கான் சூவரன் பேனாக்களில் இது எளிது. நிப்பும் ஃபீடும் சேர்ந்த அலகை விரல்களால் ஒன்றாகப் பிடித்து இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். நிப்பை மட்டும் பிடித்துத் திருகக் கூடாது, ஃபீடின் மேல் சரிந்துவிடும். பிஸ்டனை மேலே ஏற்றிவிட்டு, பல்குத்தும் குச்சியின் நுனியில் கடுகளவு கிரீஸ் எடுத்து உட்சுவரில் சுற்றிலும் தடவுங்கள். நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் சுவர் முழுவதும் பரவிவிடும். வருடத்துக்கு ஒருமுறை செய்தால் தாராளம். அதிகம் வைத்தால் மிச்சக் கிரீஸ் ஃபீடுக்குள் இறங்கி, எழுத்து விட்டுவிட்டு விழும்.

மான்ட்பிளாங்க்கில் நிப்பைக் கழற்றுவதற்கும் பிஸ்டனைக் கழற்றுவதற்கும் தனிக் கருவி வேண்டும். குறடால் முயன்றால் பிசின் உடல் பிளக்கும். அதைச் சேவை மையத்துக்கு அனுப்புவதே சரி. லாமி 2000-இன் கழுத்தைத் திருகிக் கழற்றலாம். ஆனால் மூடியைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு சின்னக் காதுகள் கொண்ட உலோக வளையம் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும். கழற்றும்போது அது வாஷ்பேசினில் விழுந்து போவதுதான் அந்தப் பேனாவில் அடிக்கடி நடக்கும் விபத்து. தட்டின் மேல் துணி விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள்.

வேக்கம் முறை என்றால் என்ன?

நீளமான தண்டின் முனையில் ஒரு முத்திரை. தண்டை முழுதும் வெளியே இழுத்து, நிப்பை மையில் மூழ்கவைத்து, ஒரே அழுத்தாக உள்ளே தள்ளுகிறோம். தள்ளும்போது முத்திரைக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அடியில் உடலின் உட்புறம் சற்று அகலமாக இருக்கும். முத்திரை அங்கே வந்ததும் பிடி தளர்ந்து, அந்த வெற்றிடத்தை நிரப்ப மை ஒரே பாய்ச்சலாக மேலே ஏறும். உள்ளே தெரியும் பேனாவில் இதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

பைலட் கஸ்டம் 823, இத்தாலியின் விஸ்கோன்டி தயாரிக்கும் ஹோமோ சேப்பியன்ஸ் ஆகியவை இந்த வகையில் பெயர்பெற்றவை. ஹோமோ சேப்பியன்ஸின் உடலில் எட்னா எரிமலைக் குழம்புக் கல் கலந்திருக்கிறது. ஆகையால் உள்ளே எவ்வளவு மை மீதம் என்று பார்க்கவே முடியாது. தேர்வு எழுதுகிறவர்களுக்கும் கூட்டக் குறிப்பு எடுக்கிறவர்களுக்கும் அது ஒரு குறை.

கஸ்டம் 823-இல் ஒரு பக்கம் எழுதியதும் மை நின்றுவிடுகிறது. பழுதா?

பழுது இல்லை. வால்குமிழை முழுதும் இறுக்கியிருக்கும்போது தண்டின் முனை தொட்டியின் வாயை அடைத்துவிடும். அப்போது ஃபீடிலும் கழுத்திலும் இருக்கும் மை மட்டுமே எழுதக் கிடைக்கும், அது ஒரு பக்கத்துக்கோ இரண்டு பக்கத்துக்கோதான் வரும். நீளமாக எழுத உட்காரும்போது குமிழை இரண்டு மூன்று மி.மீ. வெளியே வரும்படி திருகி வையுங்கள், எழுதி முடித்ததும் இறுக்குங்கள். இந்த ஒன்று தெரியாமல் நல்ல பேனாவைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேக்கம் பேனா முக்கால்வாசிதான் நிரம்புகிறது. முழுதாக நிரப்ப வழி உண்டா?

உண்டு. மெதுவாகத் தள்ளினால் முத்திரையின் ஓரம் வழியே காற்று கசிந்து வெற்றிடம் குறைந்துபோகும். தயங்காமல் சீராகத் தள்ளி, அடியில் பத்து நொடி பிடித்திருங்கள். அதற்கு மேலும் வேண்டுமென்றால் இரண்டாவது சுற்று. ஒருமுறை நிரப்பிய பேனாவை நிப் மேல்நோக்க நிமிர்த்துங்கள். தண்டை முழுதும் இழுங்கள். இப்போது தண்டை மிக மெதுவாக மேலே தள்ளினால் உள்ளே இருக்கும் காற்று நிப் வழியாக வெளியேறும். ஃபீடில் மை தலைகாட்டியதும் நிறுத்தி, அப்படியே கவிழ்த்துப் புட்டியில் மூழ்கடித்து மீதித் தூரத்தை வேகமாகத் தள்ளுங்கள். இம்முறை காற்றுக்கு இடமில்லாததால் ஏறக்குறைய கழுத்துவரை நிறையும். முதல் சில முறை வாஷ்பேசினில் தண்ணீரை வைத்துப் பழகுங்கள். கை நழுவினால் சுவர்வரை தெறிக்கும்.

ஐட்ராப்பர் பேனா ஏன் மை கக்குகிறது?

காற்று சூடானால் விரியும், காரணம் அவ்வளவுதான். ஏசி அறையில் 25 டிகிரியில் இருந்த பேனாவைக் கையில் பிடித்து 34 டிகிரிக்குச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் காற்றின் கனஅளவு 3 சதவீதம் கூடும். தொட்டியில் அரை மி.லி. காற்று மட்டும் இருந்தால் வெளியே தள்ளப்படும் மை 0.015 மி.லி., அதை ஃபீடின் பற்களே தாங்கிக்கொள்ளும். மை தீர்ந்துகொண்டே வந்து 3 மி.லி. காற்று ஆகிவிட்டால் 0.09 மி.லி. தள்ளப்படும், அது கிட்டத்தட்ட இரண்டு சொட்டு. அதனால்தான் நிறைய மை இருக்கும்வரை ஒழுங்காக எழுதிய பேனா, கடைசிக் கால்வாசியில் திடீரென்று தாளில் பொட்டு வைக்கிறது.

மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே மறுபடி நிரப்பிவிட வேண்டும், தீரும்வரை காத்திருக்கக் கூடாது. சட்டைப் பையில் நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்த பேனா என்றால் திறக்கும் முன் நிப்பை ஒரு நிமிடம் மேல்நோக்கிப் பிடியுங்கள். எபோனைட் உடல் பிளாஸ்டிக்கைவிட வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் என்பதும், சுவர் தடிமனாகக் கடைவதும் இதற்குக் கொஞ்சம் உதவும். திருவள்ளூரில் எபோனைட் தண்டுகளைக் கையால் கடைந்து ரங்கா பேனாக்கள் செய்கிறார்கள். அங்கே வேண்டுமானால் மூன்று முறைகளுக்கும் ஏற்ற கழுத்தோடு வாங்கலாம். அதே பேனாவை ஐட்ராப்பராகவும், கன்வெர்ட்டர் மாட்டியும், கார்ட்ரிட்ஜ் மாட்டியும் எழுதலாம். கக்குவதைப் பொறுக்க முடியாதவர்கள் கன்வெர்ட்டருக்கு மாறிக்கொண்டால் போதும், பேனாவை மாற்ற வேண்டியதில்லை.

கழுத்தின் மரை வழியாக மை கசிகிறதே?

அது கக்குவது இல்லை, வேறு நோய். மரையில் காய்ந்த மையைப் பழைய பல்துலக்கும் பிரஷால் துடைத்துவிட்டு, மிளகளவு சிலிக்கோன் கிரீஸைச் சுற்றிலும் தடவி இறுக்குங்கள். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருந்தால் அதற்கும் தடவுங்கள். நசுங்கியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். நூல் சுற்றுவது, டெஃப்லான் டேப் சுற்றுவது வேண்டாம். தடித்த டேப்பை இறுக்கும்போது மெல்லிய உடலில் விரிசல் விழும்.

ஜப்பானிய ஐட்ராப்பர்களின் வாலில் ஒரு குமிழ் இருக்கிறதே, அது எதற்கு?

அது மையை அடைக்கும் வால்வு. ஜப்பானில் இதை இன்கி-தொமே என்பார்கள், மையை நிறுத்துவது என்று பொருள். நமிக்கி எம்பரர் போன்ற பெரும் பேனாக்களிலும் ஓபஸ் 88-இலும் இந்த அமைப்புதான். நிரப்பும்போது குமிழை இறுக்கி வைத்து, கழுத்தைக் கழற்றி, இங்க் ஃபில்லராலோ மழுங்கிய ஊசி மாட்டிய 5 மி.லி. சிரிஞ்சாலோ மை ஊற்றுங்கள். விளிம்புவரை ஊற்ற வேண்டாம். கழுத்தைத் திருகும்போது அது இடம் பிடித்து மை பிதுங்கும், 5 மி.மீ. விட்டுவையுங்கள். எழுதும்போது குமிழை இரண்டு மூன்று மி.மீ. திறப்பதும், எழுதி முடித்ததும் மூடுவதும் 823-ஐப் போலவே. மூடிய நிலையில் தொட்டியில் உள்ள காற்று விரிந்தாலும் மை நிப்புக்கு வராது. ஆகவே கக்கும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பெரிய தொட்டி வேண்டும், சட்டையும் பிழைக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

கன்வெர்ட்டரில் மை இருக்கிறது, ஆனால் நிப்புக்கு வரவில்லை.

குறுகிய குழாயில் மை பின்பக்கமாகவே ஒட்டி நின்று, முன்னால் காற்று அடைத்துக்கொள்ளும். புதுக் கன்வெர்ட்டரில் தயாரிப்பின்போது தங்கிய எண்ணெய்ப் பிசுக்கு இதை அதிகமாக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரை ஐந்தாறு முறை இழுத்து விட்டு, பிறகு வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சில கன்வெர்ட்டர்களுக்குள் ஒரு சின்ன உலோக குண்டோ சுருளோ இருப்பது இந்த ஒட்டலை உடைக்கத்தான். அதைக் குறை என்று எடுத்துவிட வேண்டாம். அவசரத்துக்கு, பேனாவைப் பிரித்து நிப்பைக் கீழே பிடித்தபடி குமிழைக் கால் சுற்று கீழே திருகினால் மை ஃபீடுக்கு வந்துவிடும்.

கன்வெர்ட்டர் தளர்ந்து கழன்றுகொள்வது இன்னொரு தொல்லை. பொருந்தாத கம்பெனிக் கன்வெர்ட்டரை மாட்டுவதே பெரும்பாலும் காரணம். பைலட், பிளாட்டினம், செய்லர், லாமி, பார்க்கர் ஒவ்வொன்றுக்கும் தனி வாய் அளவு உண்டு. பெலிக்கான், ஃபாபர்-காஸ்டெல், காரன் தாஷ் போன்றவை சர்வதேச அளவைப் பின்பற்றுகின்றன.

அரோராவின் மறை தொட்டி என்பது என்ன?

இத்தாலியின் தூரின் நகரத்து அரோரா, 88, ஆப்டிமா பேனாக்களின் பிஸ்டனுக்குள் கொஞ்சம் மையைப் பதுக்கிவைக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மை தீர்ந்தால் குமிழைத் திருகிப் பிஸ்டனை இறக்குங்கள், பதுங்கிய மை ஃபீடுக்கு வரும். ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதலாம். கழுவும்போது இந்தப் பதுங்கிடத்தில் பழைய நிறம் ஒளிந்திருக்கும், அதனால் மற்றப் பிஸ்டன்களைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

எந்த மை எந்தப் பேனாவுக்கு ஆகாது?

இந்தியன் இங்க் எனப்படும் அரக்கு கலந்த வரைமை எந்த ஊற்றுப்பேனாவுக்கும் ஆகாது. காய்ந்தால் தண்ணீரில் கரையாது, ஃபீடோடு ஒட்டிக்கொள்ளும்.

பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ போன்ற நிறமித் துகள் மைகளும், மினுமினுப்புத் துகள் கலந்த மைகளும் கன்வெர்ட்டர் பேனாவுக்கே சரி. அடைத்தால் கன்வெர்ட்டரைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கலாம். வேக்கம் பேனாவின் அடைப்பு வால்வு இருக்கும் மூலையில் துகள் படிந்தால் கைக்கு எட்டாது. பெலிக்கான் 4001 நீலக்கறுப்பு, பிளாட்டினம் நீலக்கறுப்பு போன்ற இரும்புக் கடுக்காய் (அயர்ன் கால்) வகை மைகள் எதிலும் ஓடும். ஆனால் காயவிடாமல் தொடர்ந்து எழுத வேண்டும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். மை ஜன்னல் (உள்ளே இருக்கும் மையைக் காட்டும் ஒளிபுகும் பகுதி) தெளிவாக இருக்க வேண்டும் என்றால் கடும் சிவப்பு, ஊதா, அடர்நீலத்தை உள்ளே தெரியும் பேனாவில் ஊற்றாதீர்கள், கறை போகாது. பழைய ரப்பர் பைப் பேனாக்களுக்கு எளிய நீலம் அல்லது கறுப்பு போதும்.

நிறம் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

கன்வெர்ட்டர் பேனாவில் ஐந்து நிமிடம். கழற்றி, கழுத்தின் பின்வாயில் ரப்பர் பல்ப் சிரிஞ்சைப் பொருத்தித் தண்ணீரைப் பீய்ச்சினால் பத்துப் பன்னிரண்டு முறையில் தெளிந்துவிடும். நிப் அலகு திருகிக் கழலும் பெலிக்கானும் ஏறக்குறைய அதே நேரம்தான். நிப் கழலாத பிஸ்டனை முப்பது நாற்பது முறை ஏற்றி இறக்க வேண்டிவரும். கஸ்டம் 823-இன் கழுத்தைக் கழற்ற முயல வேண்டாம். தண்டை இழுத்துத் தள்ளியே கழுவ வேண்டும். கடைசியில் நிப்பைக் கீழே வைத்து, கண்ணாடி டம்ளரில் மடித்த டிஷ்யூ தாளின் மேல் ஒரு இரவு நிறுத்துங்கள், ஃபீடில் மிஞ்சிய நீரைத் தாள் உறிஞ்சிவிடும். வாரம் ஒரு நிறம் வேண்டும் என்கிறவர்கள் கன்வெர்ட்டரையே வாங்குங்கள். ஆண்டு முழுவதும் ஒரே நீலத்தில் எழுதுகிறவர்களுக்குத்தான் பிஸ்டனும் வேக்கமும் முழுப் பயன் தரும்.

சுடுதண்ணீர் கூடாது, எபோனைட் பழுப்பேறும். ஸ்பிரிட்டும் சானிடைசரும் கூடாது, அக்ரிலிக்கில் நுண்விரிசல் விழும், செல்லுலாய்டு கெடும். பிடிவாதமான கறைக்கு, வாசனை சேர்க்காத வீட்டு அம்மோனியா ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, ஒரு சொட்டு பாத்திரத் திரவம் கலந்து பத்து நிமிடம் போதும். பித்தளைப் பாகம் உள்ள பேனாவை அதில் ஊறப்போடக் கூடாது.

விமானத்தில் எடுத்துப்போகலாமா?

போகலாம். பறக்கும்போது அறைக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்காகக் குறையும், அதனால் தொட்டிக் காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். 1 மி.லி. காற்று இருந்தால் 0.33 மி.லி. மை தள்ளப்படும், எந்த ஃபீடும் அதைத் தாங்காது. பேனாவை முழுதாக நிரப்புங்கள், இல்லையென்றால் முழுதும் காலியாக்குங்கள். பாதி நிரம்பியதுதான் ஆபத்து. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் நிப் மேல்நோக்கி இருக்கட்டும். 823-உம் ஜப்பானிய வால்வுப் பேனாக்களும் குமிழை இறுக்கிவிட்டால் பயணத்துக்கு மிகவும் நம்பகமானவை. பறக்கும்போது எழுத வேண்டுமென்றால் மூடிய நிலையிலேயே எழுதுங்கள், குமிழைத் திறக்காதீர்கள்.

தாத்தா காலத்து பார்க்கர் 51, ஷீஃபர் பேனாக்களை மறுபடி எழுதவைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பார்க்கர் 51 1941-இல் வேக்குமேட்டிக் என்ற ரப்பர்த் திரை முறையோடு வந்தது, 1948-இல் ஏரோமெட்ரிக் முறைக்கு மாறியது. ஏரோமெட்ரிக்கில் இருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பை பல பத்தாண்டு தாங்கும் ரகம். தண்ணீரில் ஊறவைத்து, உலோகப் பட்டையைப் பத்து இருபது முறை அமுக்கினாலே எழுதத் தொடங்கிவிடும் பேனாக்கள் ஏராளம். வேக்குமேட்டிக்கின் திரையும், லீவர் பேனாக்களின் லாடெக்ஸ் பையும் அப்படி இல்லை. அவற்றை மாற்றியே ஆக வேண்டும். கெட்டியாகிப்போன பையோடு லீவரைத் தூக்கினால் பை நொறுங்குவதோடு லீவரும் வளையும்.

பை வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். 16-ஆம் எண் என்றால் விட்டம் ஓர் அங்குலத்தில் 64-இல் 16 பங்கு. கழுத்தின் பின்காம்பில் ஷெல்லாக் என்ற அரக்குப் பசை தடவிப் பையை மாட்டி, ஒரு முழு நாள் காயவிட்டு, பையின் மேல் டால்க் பவுடர் பூசி உள்ளே விடுங்கள். சூப்பர் குளூ வைத்தால் அடுத்த முறை கழற்றவே முடியாது. ஷெல்லாக்கின் பெருமையே அதுதான், லேசாகச் சூடுகாட்டினால் விட்டுவிடும்.

பழைய பிஸ்டன் பேனாவைக் கையிலிருந்து கைக்கு வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள். குமிழைத் திருகும்போது தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். நடுவில் வெறுமனே சுற்றினால் முத்திரை கழன்றிருக்கிறது. தண்ணீர் நிரப்பி, நிப்பைக் கீழ்நோக்கிப் பத்து நிமிடம் பிடியுங்கள். சொட்டுச் சொட்டாய் விழுந்தால் முத்திரையோ கழுத்து இணைப்போ காற்று விடுகிறது. பிறகு குமிழை முழுதும் வெளியே திருகி அதன் அடியில் ஒரு டிஷ்யூ தாளைச் சுற்றிப் பாருங்கள், ஈரம் பட்டால் தண்ணீர் பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் போயிருக்கிறது. ஜன்னலின் உட்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பிஸ்டனுக்குப் பின்னால் மைக் கறை தெரியும். கறை இருந்து தண்ணீர்ச் சோதனையில் தேறினால் அது பழைய கதையாகவும் இருக்கலாம். ஈரம் இருந்தால் முத்திரை மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.